பண்டிகையின் அடியில் சுண்ணாம்பு

எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அஸ்டெக் மக்கள் மக்காச்சோளத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த விழாவின் பெயர் ஆத்தமல்குவாலிஸ்த்லி. ஏழு நாள் நோன்பு. அந்த ஏழு நாளும் வெறும் நீரில் ஊறவைத்துச் செய்த மக்காச்சோளக் கொழுக்கட்டைதான் சாப்பாடு. உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, ஏரிக்கரையில் பூக்கும் உவர் உப்பு கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தே சஹாகுன், நாவாட்ல் மொழி பேசிய அஸ்டெக் முதியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த 12 பாகப் பெருநூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். காரணத்தையும் அந்த முதியவர்களே சொன்னார்கள்: உப்பும் மிளகாயும் சுண்ணாம்பும் போட்டுத் தானியத்தை ஓயாமல் வதைக்கிறோம், சில நாள் விட்டுவைத்தால் அதற்கு இளமை திரும்பும். விழா வந்தது நம் நாட்காட்டியில் ஏறக்குறைய அக்டோபர், நவம்பரில். அறுவடைக் காலத்தில்.

உப்பும் மிளகாயும் ருசிக்கு. சுண்ணாம்பு எதற்கு? வெற்றிலையில் தடவுகிறோமே, அதே நீற்றின சுண்ணாம்புதான். வேதியியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு. மெக்சிகோவின் இலையுதிர்காலச் சமையலில் பெரும்பாலான பண்டங்களில் இந்த வெள்ளைப் பொடி எங்காவது வந்து நிற்கிறது. செப்டம்பர் 15 இரவு, சுதந்திரத் திருநாளை வரவேற்கச் சமைக்கும் பொசோலே குழம்பில் இருக்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படைக்கும், ஆவியில் வேகும் கொழுக்கட்டையான தமாலிலும் பூசணி இனிப்பிலும் இருக்கிறது. சமையலறையில் பிறந்த வேதியியல் கண்டுபிடிப்புகளில் இதற்கு இணையாக நொதித்தல் ஒன்றைத்தான் நான் சொல்வேன். இதைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாத பெண்கள். அவர்கள் செய்தது என்ன என்று ஆய்வகங்களுக்குப் புரிய 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமான ஏழைகள் செத்துப்போனார்கள்.

முதலில் பயிர். தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவாக்கப்பட்டது. தியோசிந்தேயின் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தாலே அதிகம். ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். அதிலிருந்து நூற்றுக்கணக்கான மணிகள் வெளியே தெரியும் கதிர் வரை கொண்டுவந்தது தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிய கைகள். மானாவாரி வயல்களில் மே, ஜூன் மழையோடு விதைப்பார்கள். ஒரே வயலில் மக்காச்சோளம், அதன் தண்டைப் பற்றி ஏறும் பீன்ஸ், நிலத்தை மூடிப் படரும் பூசணி; இந்தக் கூட்டு வயலுக்கு மில்பா என்று பெயர். ஆகஸ்டு, செப்டம்பரில் இளங்கதிர் வரும். அக்டோபரிலிருந்து தண்டிலேயே காய்ந்த கதிர்கள் வீடு வந்து சேரும். பண்டிகைகள் வரிசைகட்டி வருவதும் அப்போதுதான். 

காய்ந்த மக்காச்சோள மணியை அப்படியே சமைத்துப் பாருங்கள். எவ்வளவு வேகவைத்தாலும் மேல்தோல் விடாது. மாவாக அரைத்துத் தண்ணீர் விட்டால் மாவு சேராது, விரிசல் விடும். பஞ்சாபின் மக்கி ரொட்டியைத் தட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் இதில் இல்லை.

மெக்சிகோவின் வீடுகளில் மாலையில் நடப்பது இது. ஒரு பங்கு மணிக்கு ஏறக்குறைய மூன்று பங்கு தண்ணீர். மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகக் கொழகொழத்திருக்கும். கையால் தேய்த்துக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இப்படி வெந்த மணிதான் நிஷ்டமால். அம்மியில் அதை அரைத்தால் கிடைக்கும் ஈர மாவு மாசா. குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் கி.மு. 1500–1200 காலத்துப் பாத்திரங்களைக் கொண்டு, அப்போதே இந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள்.

அந்த ஓர் இரவில் பானைக்குள் நடப்பவற்றைச் சற்று நின்று பார்க்கலாம். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பி.ஹெச். அளவில் 12ஐத் தொடும். மணியின் தோல் செல்லுலோசாலும் ஹெமிசெல்லுலோசாலும் ஆனது. அந்த இழைகளை ஃபெருலிக் அமிலம் குறுக்குத்தையல் போட்டு இறுக்கி வைத்திருக்கிறது. காரம் முதலில் அறுப்பது அந்தத் தையலை. ஹெமிசெல்லுலோஸ் கரைந்து பசையாகிறது. காலையில் தண்ணீர் கொழகொழப்பதற்கு அதுதான் காரணம். அதில் ஒரு பகுதி மணியிலேயே ஒட்டி நின்று, அரைத்த மாவுக்குப் பிசின் ஆகிறது. மாவுச்சத்து பாதி வெந்து இளகுகிறது. கால்சியம் மணிக்குள் இறங்கி அங்குள்ள கூறுகளைப் பிணைக்கிறது. இவை சேர்ந்துதான் குளூட்டன் இல்லாத தானியத்திலிருந்து, கையில் தட்டினால் கிழியாத தோர்த்தியா ரொட்டியைத் தருகின்றன. பால் அதிகம் குடிக்காத கிராமத்து மெக்சிகோவுக்குக் கால்சியம் பெருமளவு வந்தது இந்த ரொட்டியிலிருந்துதான். மழையில் நனைந்த கதிரில் பூஞ்சை விட்டுச்செல்லும் நச்சுகளில் ஒரு பங்கும் கழுவிய நீரோடு போகிறது. ஒரு மெக்சிகோ வீட்டை நெருங்கும்போதே மூக்கில் ஏறும் அந்த மாசா மணமும் சுண்ணாம்பின் வேலை. காரத்தில் டிரிப்டோபான் சிதையும்போது பிறக்கும் அமினோஅசிட்டோபீனோன் என்ற சேர்மம் அந்த மணத்துக்கு முக்கிய காரணம்.

எல்லாவற்றிலும் பெரியது நியாசின், அதாவது வைட்டமின் பி3. மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. ஆனால் காய்ந்த மணியில் அதன் பெரும்பகுதி சர்க்கரைத் தொடர்களோடு பிணைந்து கிடக்கிறது. நம் குடலால் அந்தப் பிணைப்பை உடைக்க முடியாது. உண்டது அப்படியே வெளியேறிவிடும். காரம் அதை உடைக்கிறது. இரவெல்லாம் சுண்ணாம்பில் ஊறிய மணி காலையில் உடலுக்கு நியாசினைத் தருகிறது.

கொலம்பஸுக்குப் பின் மக்காச்சோளம் கடல் தாண்டியபோது மூட்டைகளில் ஏறியது விதை மட்டும். சுண்ணாம்புப் பானை ஏறவில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் ஆலைகளில் காய்ந்த மணியை நேரடியாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். விளைச்சல் நன்றாக இருந்தது, விலை குறைவு, ஏழைகளின் முழுச் சாப்பாடாகவே அது ஆனது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் புதிதாக ஒரு நோயைக் கண்டார். வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் தழும்பு. பிறகு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், மரணம். இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் பிடித்தது. பருத்தித் தோட்டக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் மக்காச்சோள மாவையும் வெல்லப்பாகையும் கொழுப்புப் பன்றியிறைச்சியையும் தின்று வாழ்ந்தார்கள். புதிய ஆலைகள் மணியின் முளைக்கருவையும் நீக்கிவிட, இருந்த கொஞ்ச சத்தும் போயிற்று. தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் மருத்துவமனைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: நோயாளிகளுக்கு வந்தது, அவர்களைத் தொட்டுப் பராமரித்த ஊழியர்களுக்கு வரவில்லை. ஆக, தட்டில்தான் விஷயம். 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலை வாக்குறுதி பெற்று முன்வந்த கைதிகளுக்குத் தென்மாநில ஏழையின் உணவைக் கொடுத்து நோயை வரவழைத்துக் காட்டினார். இன்றைய அறநெறி அதை ஏற்காது. அப்போதும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1916இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தன் உடலிலும் தன் மனைவி மேரியின் உடலிலும் செலுத்திக்கொண்டார். இருவருக்கும் நோய் வரவில்லை. 1929இல் அவர் இறக்கும்வரை குறைபடும் சத்து எது என்பது அகப்படவில்லை. 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜம் அது நிகோட்டினிக் அமிலம், அதாவது நியாசின், என்று நிறுவினார். அந்த நாட்டில் அந்தச் சில பத்தாண்டுகளில் பெல்லாக்ராவுக்குப் பலியானோர் ஏறத்தாழ 1 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

எல்லைக்கு அந்தப்பக்கம், அதைவிட ஏழையான மெக்சிகோ கிராமங்கள் அதே தானியத்தை மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தன. பெல்லாக்ரா அங்கே அரிது. சுண்ணாம்போடு பீன்ஸும் துணை நின்றது. மக்காச்சோளத்தில் குறையும் லைசினையும் டிரிப்டோபானையும் பீன்ஸ் ஈடுகட்டும், டிரிப்டோபானிலிருந்து உடலே கொஞ்சம் நியாசின் செய்துகொள்ளும். பதிலை அறிந்த பெண்கள் சில நூறு மைல் தொலைவில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது அறிவியல் வரலாற்றின் வெட்கக்கேடான பக்கம் என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தக்காணத்தில் சோளம், அதாவது ஜோவர், மட்டுமே உண்டவர்களிடமும் பெல்லாக்ரா இருந்தது. ஊட்டச்சத்து ஆய்வாளர்களான, சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் நியாசின் உருவாவதைக் குலைக்கிறது என்ற கருத்தை 1960இல் முன்வைத்தார்கள். அது பல ஆண்டு விவாதத்துக்குள்ளானது.

இனி பண்டிகைப் பந்திக்கு வருவோம். பொசோலேக்குக் காக்காவாசிந்த்லே என்ற ரகம் வேண்டும்: பெரிய, வெளுத்த, உள்ளே மாவு மிகுந்த மணி. சுண்ணாம்பில் வேகவைத்துத் தோல் நீக்கிய பின், ஒவ்வொரு மணியின் மூக்கையும் விரலால் கிள்ளி எடுப்பார்கள். கதிரோடு மணியை ஒட்டிவைத்திருந்த கெட்டியான காம்பு அது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறி, மாவுச்சத்து ஊதி, மணி இதழ் விரித்துப் பூக்கும். எடுக்காவிட்டால் உருண்டையாகவே நிற்கும். ஒரு குடும்பமே உட்கார்ந்து கிள்ளும் வேலை. பண்டிகைக்கு முந்தைய நாள் பேச்செல்லாம் அப்போதுதான்.

தமாலில் வேதியியலோடு இயற்பியலும் சேர்கிறது. மாசாவோடு பன்றிக்கொழுப்பைச் சேர்த்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். கெட்டியான கொழுப்பு, அடிக்கும்போது சிக்கும் காற்றைக் குமிழ்களாகப் பிடித்துவைக்கும். போதுமா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போடுவார்கள், மிதந்தால் தயார். அடர்த்தியை அளக்க இதைவிட எளிய கருவி வேண்டியதில்லை. பழைய கைகள் இதில் தெக்கெஸ்கீத்தேயும் சேர்க்கும். டெஸ்கோகோ ஏரிக்கரையில் வெயிலில் பூக்கும் உவர் உப்பு அது. சோடியம் கார்பனேட், பைகார்பனேட், சாதா உப்பு கலந்தது. தக்காளியின் உறவான பச்சைத் தோமாத்தியோவின் காகிதத்தோலோடு அதைக் கொதிக்கவைத்துத் தெளிந்த நீரை மாவில் விடுவார்கள். ஆவியின் சூட்டில் பைகார்பனேட் கரியமில வாயுவை விடும், தமால் உப்பும். சோடா மாவு கடைக்கு வருமுன்பே நடந்த வேலை இது. ஆத்தமல்குவாலிஸ்த்லியில் விலக்கிய உவர் உப்பும் இதுவே.

யுகத்தானில் மாயா மக்கள், இறந்தோருக்குப் படைக்கும் ஹனால் பிஷான் நாட்களில் செய்வது ஒரு பெருந்தமால். கோழிக்கறியும் மசாலாவும் வைத்து, வாழையிலையில் பொதிந்து, குழிக்குள் நெருப்பில் பழுத்த கற்களின்மேல் இறக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். இந்தத் தமாலின் சிவப்பு நிறம் அச்சியோத்தே விதையினுடையது. அதன் பிக்ஸின் நிறமி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் அதைக் கொழுப்போடு சேர்க்கிறார்கள். வாழையிலை ஆசியாவிலிருந்து ஸ்பானியர்களோடு போனது. அங்கிருந்து இங்கு வந்தவற்றின் கணக்கு நீளம்: மிளகாய், மக்காச்சோளம், கொய்யா, நம் கோயில் மாலைகளில் கோத்துக் கட்டும் செண்டுப்பூ. அந்தச் செண்டுப்பூதான் இறந்தோர் படையலின் செம்பசூச்சில். பகல் குறுகும்போது பூக்க முனையும் செடி என்பதால் நவம்பர் படையலுக்கு வயல்களே ஆரஞ்சு நிறமாகிவிடும். 

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பூசணி இனிப்பில் இருக்கிறது. கலாபாசா என் தாச்சா என்று பெயர். பெரிய பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு கரைத்த குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, கூம்பு வெல்லப் பாகில் பட்டையும் ஆரஞ்சும் கொய்யாவும் கரும்பும் போட்டு மெல்லிய தீயில் மணிக்கணக்கில் கிடத்துவார்கள். அவ்வளவு வெந்தும் துண்டு கரையாது. மேலே மெல்லிய விறைப்பு, உள்ளே குழைவு. மக்காச்சோளத் தோலைக் கரைத்த அதே சுண்ணாம்பு பூசணியை எப்படி இறுக்குகிறது? 

சுண்ணாம்பில் இரண்டு கூறுகள் உண்டு: ஹைட்ராக்சைடு, கால்சியம். பானையில் சூடும் நேரமும் சேர்ந்தபோது ஹைட்ராக்சைடின் கை ஓங்கி, தோலின் பிணைப்புகள் அறுந்தன. குளிர்ந்த நீரில் அதன் வேகம் மட்டுப்படுகிறது. காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். ஹைட்ராக்சைடு பெக்டின் இழைகளில் தொங்கும் மெத்தில் தொகுதிகளைக் கழற்றிவிட, அங்கே எதிர்மின் முனைகள் திறக்கின்றன. இரு நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனி பக்கத்துப் பக்கத்து இழைகளின் முனைகளைப் பிடித்துப் பூட்டுகிறது. அப்படிப் பூட்டிய பெக்டின் பிறகு எத்தனை மணி நேரம் பாகில் கிடந்தாலும் எளிதில் கரையாது. ஒரே பொடியை ஒரு வேலைக்குச் சூடாகவும் இன்னொன்றுக்குக் குளிர்ச்சியாகவும் பயன்படுத்தத் தெரிந்தவர்களைச் சமையற்காரர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பிஸ்நாகா என்ற பீப்பாய்க் கள்ளிக்கும் இதே குளிர்ச் சுண்ணாம்புக் குளியல்தான். அதிலிருந்து செய்த அசித்ரோன் மிட்டாய், பியூப்லாவின் புகழ்பெற்ற அடைத்த மிளகாய்ப் பண்டமான சிலெஸ் என் நொகாதாவின் பூரணத்தில் போடப்பட்டது. பச்சை மிளகாய், வெள்ளை வால்நட் சாறு, சிவப்பு மாதுளை முத்து. தேசியக் கொடியின் மூன்று நிறம். 1821 ஆகஸ்டில் சுதந்திரப் போர்த் தளபதி அகுஸ்தின் தே இத்துர்பிதேக்காகக் கன்னிமாடத்தில் சமைத்தார்கள் என்பது வழிவழிக் கதை. ஆகஸ்டு, செப்டம்பரை விட்டால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. போபோகாடெபெட்ல் எரிமலைச் சரிவின் வால்நட் அப்போதுதான் ஈரமாக வரும். பருப்பின் மெல்லிய தோலை உரிக்க முடியும். காய்ந்தபின் தோல் ஒட்டிக்கொள்ளும், அதிலுள்ள டானின்கள் சாற்றைக் கசக்கவும் பழுப்பாக்கவும் செய்யும். கள்ளி விஷயத்தில் மட்டும் மாற்றம் வந்துவிட்டது. ஒரு பிஸ்நாகா வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டி வெட்டி அது அருகிப்போய், இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பப்பாளி, அன்னாசி மிட்டாய்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. சரியான மாற்றம். பாரம்பரியம் என்ற பெயரில் ஒரு செடியைத் தின்று தீர்க்கும் உரிமை யாருக்கும் இல்லை.

படையலின் இறந்தோர் ரொட்டி கோதுமையில் செய்வது, ஸ்பானியர் வழி வந்தது. சுண்ணாம்புக்கு அதில் வேலை இல்லை. ஒஹாக்காவின் கறுப்பு மோலே குழம்பில் உலர்ந்த மிளகாய்களையும் அவற்றின் விதைகளையும் தோர்த்தியாவையும் கருகும்வரை சுட்டு அரைக்கிறார்கள். குழம்புக்குக் கெட்டிப்பைத் தருவதில் அந்தக் கருகிய தோர்த்தியாவுக்கும் பங்குண்டு. ஆக, அங்கும் நிஷ்டமால் நுழைந்துவிடுகிறது. நவம்பர் 1 குழந்தைகளின் ஆன்மாவுக்கு, மிளகாய் குறைந்த படையல். 2ஆம் தேதி பெரியவர்களுக்கு. யுனெஸ்கோ இந்த இறந்தோர் விழாவை 2008இலும், மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இலும் மானுடத்தின் மரபுச் செல்வங்களாகப் பட்டியலிட்டது.

1949இல் வடக்கு மெக்சிகோவில் உலர் நிஷ்டமால் மாவு ஆலை தொடங்கியதிலிருந்து பல வீடுகளில் இரவுப் பானை இறங்கிவிட்டது. பெண்களின் நாளில் பல மணி நேரத்தை விழுங்கிய அம்மி ஓய்ந்தது நல்லதே. அந்த விடுதலையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இழப்பு ரகங்களில்தான். ஆலைக்கு ஒரே மாதிரி மணி வேண்டும். மெக்சிகோவிடம் 59 நாட்டு ரகங்கள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் இயக்கத்தின் விளைவாகச் செப்டம்பர் 29 அங்கே தேசிய மக்காச்சோள நாள்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காய்ந்த முழு மணியை வாங்குங்கள். கடையில் விற்கும் இனிப்புச்சோளம் உதவாது, பூச்சிமருந்து தடவிய விதைச்சோளத்தைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு உணவுக்கென்று விற்பதாக இருக்கட்டும், சுவருக்கு அடிப்பது கூடாது. ஒரு கிலோவுக்கு 10 கிராம் போதும். பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள், குழந்தைகளை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். எவர்சில்வரோ மண்பானையோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் காயுமுன் அரைத்துவிடுங்கள்.